‘டிக்’ என்றது வில்: ஒட்டுவதா, ஒட்டுப்போடுவதா, ஒதுக்குவதா?

கையால் செதுக்கிய மர வில் வைத்திருப்பவர் என்றாவது ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டே தீருவார். பெரிய சத்தம் இல்லை. சுவரில் பல்லி சொன்ன மாதிரி ஒரு ‘டிக்’. எனக்கு அது 66 அங்குல ஆஷ் மர வில்லில் கேட்டது, இழுப்பின் கடைசி இரண்டு அங்குலத்தில். வில்லிலிருந்துதான் வந்ததா, என் தோள்மூட்டுதான் சொடுக்கியதா என்று சந்தேகம். உறுதிசெய்துகொள்ள இன்னும் இரண்டு முறை இழுத்தேன். மூன்றாவது முறை சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அந்த இரண்டு இழுப்புகளும் வீண்வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. முழு இழுப்பில் வில் முறிந்தால் மேல்பாதி நேராகத் தலையைத்தான் தேடி வரும். சத்தம் கேட்டால் நாணை விட்டுவிடாமல், கையோடு மெல்ல முன்னால் கொண்டுபோய்த் தளர்த்த வேண்டும். நாணை இறக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பிறகு வருவது ஒரு முடிவு. கையில் இருக்கும் வழிகள் ஐந்து: அப்படியே விட்டுக் கண்காணிப்பது, பசை விட்டு நூல் சுற்றுவது, மரத்துண்டு பதிப்பது அல்லது முதுகுக்கு வேறு பொருளால் போர்வை கொடுப்பது, வில்லின் பலத்தைக் குறைப்பது, கடைசியாக, சுவரில் மாட்டிவிடுவது. கேட்பவர்களில் பெரும்பாலோர் “எந்தப் பசை நல்லது?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது நான்காவதோ ஐந்தாவதோ வர வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: கோடு வில்லின் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த வாக்கில் ஓடுகிறது?

குறியைப் பார்த்த பக்கம் வில்லின் முதுகு. எய்பவரைப் பார்த்த பக்கம் வயிறு. வில் வளையும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. நன்கு காய்ந்த, கணுவில்லாத மரம் நார்வாக்கில் நசுக்கலைத் தாங்குவதைவிட இழுப்பை ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும். அதனால் பழுதில்லாத மரத்தில் முதலில் தோற்றுப்போவது வயிறுதான். அது முறியாது, நசுங்கி மடங்கும். முதுகு பிளக்கிறதென்றால் அங்கே நார் ஏற்கெனவே அறுந்திருக்கிறது என்று பொருள். செதுக்கும்போது ஆண்டு வளையத்தை அறுத்துக்கொண்டு உளி உள்ளே போயிருக்கும், கணுவைச் சுற்றி நார் வளைந்திருக்கும், விளிம்பு மழுங்கடிக்கப்படாமல் கூராக நின்றிருக்கும், இல்லையென்றால் கல்லில் பட்டு ஒரு தடம் விழுந்திருக்கும்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இருட்டறை, ஒரு டார்ச், ஒரு உருண்டை பஞ்சு, பென்சில். டார்ச்சை மரத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் ஒளிந்திருக்கும் கோடுகளெல்லாம் நிழல் விட்டு எழுந்து நிற்கும். பஞ்சை முதுகின்மேல் இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். சிலாம்பு கிளம்பிய இடத்தில் இழை சிக்கும். என் ஆஷ் வில்லில் மேல்பாதியில், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மிளகளவுக் கணு ஒன்றின் பக்கத்தில் பஞ்சு சிக்கியது. நகத்தால் நெம்பினால் முடி நுழையும் அளவுக்குச் சிலாம்பு திறந்தது. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் குறி போட்டேன். அளந்தால் 7 சென்டிமீட்டர். இந்தக் குறி முக்கியம். அடுத்த வாரம் கோடு குறியைத் தாண்டியிருந்தால் வேறு விவாதமே தேவையில்லை.

பொய்ச் சத்தங்களும் உண்டு. புது நாணின் கண்ணி குதையில், அதாவது நாண் மாட்ட வில் நுனியில் வெட்டிய பள்ளத்தில், சரியாக அமராமல் வழுக்கினால் ‘டிக்’ கேட்கும். பிடியில் சுற்றிய தோல் முனகும். குதை முனையில் ஒட்டிய கொம்புத் துண்டின் பசை விட்டிருந்தாலும் இதே சத்தம்தான். பொய்க் கோடுகளும் அப்படியே. கெட்டியாகப் பூசிய வார்னிஷ் வயிற்றுப் பக்கம் குறுக்குவாக்கில் வெடித்தால், பார்ப்பதற்கு மரம் நசுங்கியது போலவே இருக்கும். சந்தேகமுள்ள இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பூச்சை மட்டும் சுரண்டி எடுங்கள். கோடு பூச்சோடு போனால் நிம்மதி. மரத்தில் மிச்சமிருந்தால், பென்சில் தூளைத் தேய்த்துத் துடையுங்கள்; கரி கோட்டுக்குள் இறங்கி, எத்தனை கோடு, எவ்வளவு நீளம் என்று படம் போட்டுக் காட்டிவிடும்.

நீளவாக்குக் கோடு

இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம்; பயப்படத் தேவை குறைவு. மரம் காயும்போது நார்களுக்கிடையே விடும் வெடிப்பு இது. வில்லின் நீளத்தோடு ஒத்து ஓடினால், வேலை செய்யும் நார் எதுவும் அறுபடவில்லை. நீர்போல ஓடும் மெல்லிய சூப்பர் க்ளூவை விட்டு நிரப்பிவிட்டால் ஈரமும் புகாது. அதற்குமேல் கைவைக்க வேண்டாம் என்பேன். ஒரே ஒரு விதிவிலக்கு: அந்தக் கோடு சாய்வாகப் போய் வில்லின் விளிம்பில் வெளியேறினால், அது காயும்போது விட்ட வெடிப்பாகப் பிறந்திருந்தாலும் இனிமேல் சிலாம்பாகத்தான் வளரும். அதைச் சிலாம்பாகவே நடத்த வேண்டும்.

முதுகில் சிலாம்பு

ஒட்டுவதா, போர்வை போடுவதா என்ற வாதம் உண்மையில் இங்கேதான். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் சாய்வு முதல் பக்கம்.

பசையும் நூலும் எளிய வழி. வில்லை மிக லேசாக வளைத்துச் சிலாம்பின் வாயைத் திறந்து, மெல்லிய சூப்பர் க்ளூவை விட வேண்டும். அது தானாகவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். வில்லைத் தளர்த்தி, மெழுகுத் தாளை வைத்து மேலே அழுத்திக் கட்டி ஆறவிட வேண்டும். பிறகு சிலாம்பின் இருபுறமும் ஒரு அங்குலம் தாண்டிப் பட்டு நூலையோ ஆளி நூலையோ நெருக்கமாகச் சுற்றி, அதையும் பசையால் நனைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: வழிந்த சூப்பர் க்ளூவைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் அது சூடேறிப் புகையும், விரலைச் சுடும். எனக்குத் தெரிந்த விதம் அனுபவம்தான்.

இந்தக் கட்டு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நூல் வில்லைக் குறுக்கே சுற்றி ஓடுகிறது. சிலாம்பு மேலே எழும்பாமல் அது அமுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். வில்லின் நீளவாக்கில் வரும் இழுப்பில் ஒரு இம்மியைக்கூட அது வாங்கிக்கொள்ளாது. ஆகவே நார் இன்னும் தொடர்ச்சியாக இருந்து, ஓரமாக ஒரு பட்டை மட்டும் கிளம்பியிருந்தால் கட்டு போதும். நாரே அறுந்திருந்தால் எத்தனை சுற்று சுற்றினாலும் அது வெறும் அலங்காரம்.

எங்கே எல்லை போடுவது? சிலாம்பு வில்லின் அகலத்தில் கால்பங்குக்குள், தடிமனில் ஒரு வளையத்துக்குள் அடங்கினால் ஒட்டலாம் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. அகலத்தில் பாதியைத் தொட்டால் யோசிக்க மாட்டேன், ஒதுக்கிவிடுவேன். நடுவில் இருப்பவை மனசாட்சிக்கு விட்டவை.

போர்வை என்பது முதுகு முழுவதும் வேறொரு பொருளை ஒட்டுவது. பதனிடாத தோல், விலங்கின் தசைநார், மூங்கில் பட்டை என மூன்று சொல்வார்கள். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தோல், நூல் கட்டைப்போலத்தான். சிலாம்பு எழும்பாமல் முதுகு முழுவதையும் மூடிப் பிடிக்கும், பளு ஏற்காது. முதுகில் ஆங்காங்கே வளையம் அறுந்திருக்கிறது, இன்று ஒன்று, நாளை இன்னொன்று என்று கிளம்பும் போலிருக்கிறது என்றால் தோல் நல்ல முடிவு. விலை, கொஞ்சம் வேகம். வில்லின் நுனிகளில் எடை கூடினால் அம்பு மந்தமாகப் போகும்.

தசைநார் உண்மையாகவே இழுப்பை ஏற்கும். முதுகு பலவீனமான ஜூனிபர் போன்ற மரங்களில் வட அமெரிக்கப் பழங்குடிகள் தசைநார் ஒட்டி வில் செய்தது அதனால்தான். ஆனால் விலங்குத் தோல் பசையோடு அடுக்கடுக்காக ஒட்டி, வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் காயவிட வேண்டும். ஈரக் காற்றில் அது தொய்ந்துபோகும். பழுது பார்க்க மட்டும் இவ்வளவு தூரம் போவது, செருப்பு அறுந்ததற்கு மாடு வளர்ப்பது போல என்று எனக்குத் தோன்றும்.

மூங்கில் பட்டை இழுப்பில் அசுரன். ஆனால் அதை ஒட்ட முதுகைத் தட்டையாக இழைக்க வேண்டும், அதாவது இருக்கிற வில்லைப் பாதி அழிக்க வேண்டும். அதோடு மூங்கில் முதுகு விட்டுக்கொடுக்காதபோது பளு முழுவதும் வயிற்றில் இறங்கும். ஆஷ், பிளாக் லோகஸ்ட் மாதிரி வயிறு நசுங்கும் சுபாவமுள்ள மரத்தில் இது முதுகு நோயைக் குணமாக்கி வயிற்று நோயைக் கொடுத்த கதையாகிவிடும். பழுது பார்க்கும் வழிகளில் இதைக் கடைசியில் வைப்பேன்.

வயிற்றில் குறுக்குக் கோடுகள்

வில் செய்பவர்கள் கிறிசல் என்று சொல்வது இதைத்தான். வயிற்றுப் பக்கம், குறுக்கே, கொஞ்சம் கோணல்மாணலாக, தலைமுடி கனத்தில் ஒரு கோடு. பெரும்பாலும் தனியாக வராது. பக்கத்திலேயே இரண்டு மூன்று இருக்கும். நார் நசுங்கி மடிந்த இடம் அது. சத்தமே வராது என்பதுதான் இதில் மோசம். பல வில்களில் மாதக்கணக்கில் இருந்துகொண்டே இருக்கும்.

இங்கே நான் ஒரு வில்லை இழந்த கதை. பிளாக் லோகஸ்ட், நானே செதுக்கியது, கீழ்பாதியில் மூன்று கோடுகள். அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சூப்பர் க்ளூவும் நூலும். விட்டேன், சுற்றினேன். இரண்டு வாரம் கழித்துக் கட்டுக்கு மேலும் கீழும் புதுக் கோடுகள். கோபத்தில் கட்டை நீட்டினேன். கோடுகளும் நீண்டன.

வைத்தியம் தப்பில்லை, நோயைக் கண்டதுதான் தப்பு. கோடு என்பது அறிகுறி. வியாதி அந்த இடத்தில் வில் அளவுக்கு மீறி வளைவது. கதவில் கீல் இருக்கும் இடம் மட்டும் மடங்குவதுபோல, வில்லில் ஒரு இடம் மட்டும் மடங்கினால் அதை வில்காரர்களும் கீல் என்றே சொல்வார்கள். கீல் எவ்வளவு சுலபமாக உருவாகும் என்பதற்கு ஒரு கணக்கு: வில்லின் விறைப்பு தடிமனின் கனத்தோடு, அதாவது மூன்றாம் படியோடு மாறும். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இழைத்துவிட்டால் அந்த இடம் 23 சதவீதம் விறைப்பிழக்கும். உப்புத்தாளைக் கொஞ்சம் ஆர்வமாகத் தேய்த்தாலே போதும். அகலம் அப்படியல்ல, பத்தில் ஒரு பங்கு அகலம் போனால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் போகும்.

கீலைக் கண்டுபிடிக்க, ஒரு சாண் நீளத்துக்கு நேராக இழைத்த கட்டையை எடுத்து, வில்லில் நாணேற்றி, வயிற்றுப் பக்கம் மெல்ல நகர்த்துங்கள். கட்டையின் நடுவுக்கும் மரத்துக்கும் இடையே தெரியும் சந்து எல்லா இடத்திலும் சீராக மாற வேண்டும். எங்கே திடீரென்று அகலமாகிறதோ அங்கே கீல். என் லோகஸ்ட் வில்லில் சந்து அகலமான இடம் முதல் கோடு விழுந்த அதே இடம். செதுக்கிய அன்றே பார்த்திருக்கலாம்.

கோடுகள் மெலிதாக, இரண்டு மூன்றுக்குள் இருந்தால், கீலைத் தொடாமல் மற்ற இடங்களைத்தான் சுரண்ட வேண்டும். கீலுக்கு இருபுறமும், எதிர்ப்பாதியிலும் வயிற்றுப் பக்கம் மெல்லச் சுரண்டி, வளைவைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். வில் பலம் குறையும், ஆனால் பிழைக்கும். நசுங்கிய நார் திரும்பி எழாது. எழ வேண்டிய அவசியமும் இல்லை, மேலும் நசுங்காமலிருந்தால் போதும்.

கோடுகள் ஆழமானால் துண்டு பதிக்க வேண்டும். நசுங்கிய இடத்தை வயிற்றிலிருந்து தோணிபோல ஆழமில்லாமல் குடைந்து, இரு முனையும் நீண்ட சரிவாகக் கோட்டைத் தாண்டி ஓடும்படி விட்டு, அதே மரத்தில், அதே வளைய வாக்கில் வெட்டிய துண்டை எபாக்சியால் ஒட்டி, மறுபடி வளைவைச் சீராக்க வேண்டும். குடைவும் துண்டும் சந்து தெரியாமல் பொருந்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கம் வளைந்த கட்டையில் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தால் இரண்டும் ஒரே வளைவில் வரும். வயிறு நசுங்கும் பக்கம் என்பது இங்கே நமக்குச் சாதகம்: வளையும்போது துண்டு பிய்ந்து வரப் பார்க்காது, அழுந்தத்தான் பார்க்கும். முதுகில் இப்படித் துண்டு வைக்க நான் துணிய மாட்டேன்.

இரண்டு கெட்ட யோசனைகள் அடிக்கடி வரும். ஒன்று, வயிற்றுக் கோட்டுக்கு முதுகில் போர்வை போடுவது. முதுகு இன்னும் விறைத்தால் வயிறு இன்னும் நசுங்கும். இன்னொன்று, ஹீட் கன்னால் வயிற்றைச் சுடுவது. சூடு நல்ல மரத்தை நசுக்கலுக்கு எதிராக இறுக்கும் என்பது உண்மை. அது செதுக்கும் காலத்து வேலை; நசுங்கிப்போன நாரைச் சுட்டால் சுட்ட நசுங்கல் கிடைக்கும்.

முதுகில் குறுக்குக் கோடு

ஒதுக்கிவிடுங்கள். நார் அறுந்துவிட்டது. பசை, நூல், தோல் எதுவும் இதற்கு மருந்தில்லை. அடுத்த அம்பிலா, நூறாவது அம்பிலா என்பது மட்டும்தான் பாக்கி.

பலத்தைக் குறைப்பது

மற்ற எல்லா வழிகளோடும் சேர்த்துச் செய்யக்கூடியது இது. செய்யத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை. முழுதாக இழுக்க 45 பவுண்டு விசை கேட்கும் வில்லை 38 ஆக்குவது என்றால் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 12 மில்லிமீட்டர் தடிமனில் சீராக முக்கால் மில்லிமீட்டர்கூட எடுக்க வேண்டியதில்லை. வளைவு ஒழுங்கு மாறாமல் இரு பாதியிலும் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிடச் சுலபமானது இழுப்பைக் குறைப்பது. 28 அங்குலத்துக்குப் பதில் 26இல் நிறுத்தினால் 45 பவுண்டு வில் ஏறக்குறைய 40க்கு இறங்கிவிடும். மரத்தில் உளி படவே இல்லை. ஆனால் கைப்பழக்கத்தை நம்ப வேண்டியிருக்கும். அம்பையும் குட்டையாக வெட்டிவிட்டால் கை தானாகவே நிற்குமே என்று முதலில் நினைத்தேன். ஆனால் பழக்கதோஷத்தில் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் அம்பு முனை பிடிக்குப் பின்னால் வந்து கையில் குத்தும். வேண்டாம். வில்லை நண்பர் வாங்கி இழுத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தால் இந்த வழியே வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. குதை விளிம்பில் பிளந்தால் நுனியில் கொம்போ கடின மரமோ ஒட்டிப் புதுக் குதை வெட்டலாம். இந்தப் பட்டியலிலேயே நிம்மதியான வேலை அது. ஒட்டிய பிடித்துண்டு கழன்று வந்தால் பசையைக் குறை சொல்வதற்கு முன் பிடியோரம் வில் வளைகிறதா என்று பாருங்கள். வளைந்தால் எந்தப் பசையும் நிற்காது. பூச்சித் துளையும் மாவும் தெரிந்தால் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, ஆகவே எய்ய வேண்டாம். நாணை இறக்கிய பிறகும் வில் ஓரிரு அங்குலம் வளைந்தே நிற்பது பழுதே இல்லை. உழைத்த வில்லின் கூன் அது. திடீரென்று கூன் அதிகமானால் மட்டும் ஈரத்தைச் சந்தேகியுங்கள். வில் மரத்தில் ஈரம் 8 முதல் 10 சதவீதம் இருப்பது நல்லது. அதற்குமேல் போனால் கூன் விழும், மிகக் கீழே போனால் முறியும்.

எந்த வழியில் சரிசெய்தாலும் முதல் இழுப்பைக் கையால் செய்யாதீர்கள். வில்லின் பிடியைச் சுவரில் அடித்த தாங்கியில் வைத்து, நாணைக் கப்பியில் ஓடும் கயிற்றால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று இழுங்கள். பாதி இழுப்பில் இருபது முப்பது தடவை, பிறகு அங்குலம் அங்குலமாக. பென்சில் குறியை ஒவ்வொரு கட்டத்திலும் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஷ் வில்லில் நான் பசை, பட்டு நூல், பலக் குறைப்பு மூன்றையும் செய்தேன். இப்போது 38 பவுண்டு. பழைய பென்சில் குறிகளைக் கட்டு மூடிவிட்டதால் அதற்கு வெளியே இருபுறமும் புதுக் குறி போட்டிருக்கிறேன், கோடு அதைத் தொடவில்லை. ஒவ்வொரு முறை நாணேற்றும்போதும் கட்டைவிரல் தானாக அங்கே போய்த் தடவிப் பார்க்கும். லோகஸ்ட் வில்லைப் பிடிக்குக் கீழே அறுத்துவிட்டேன். மேல்பாதியில் ஒரு கோடுகூட இல்லை, வளையம் நெருக்கமான நல்ல மரம். அதே தடியில் பிளந்த இன்னொரு துண்டில் இப்போது ஒரு வில் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். அதன் வயிற்றில் என்றைக்காவது கோடு விழுந்தால் பதிக்க, பழைய மேல்பாதி அலமாரிக்கு மேல் கிடக்கிறது.